காசில்லாத சந்தா

ஏனாமுக்கு எப்படிப் போவது என்று தமிழரசி விசாரிக்கத் தொடங்கிய வாரத்தில்தான் அலுவலகக் கணினியின் திரையில் அந்த ஆரஞ்சு நிறச் சதுரம் அவள் கண்ணில் பட்டது.

விசாரித்த வரையில் வழி நல்லதாக இல்லை. காரைக்காலிலிருந்து சென்னை. அங்கிருந்து ரயிலில் காக்கிநாடா. பிறகு ஒரு பஸ். போய் இறங்கினால் ஊரே தெலுங்கு பேசும். ஆனால் அதுவும் புதுச்சேரி அரசுதான் என்பதால், ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு யாரையும் அங்கே அனுப்பிவிடலாம்.

அந்தத் தாள் தயாராகிக்கொண்டிருந்தது. ஆண்டுக்கு முந்நூறு தபாலுக்குக் குறைவாக வரும் கிளைகளை டிசம்பரோடு மூடுவது, ஊழியர்களை ஏனாமுக்கோ மாஹேக்கோ மாற்றுவது என்று அவள் வேலை பார்க்கும் கரையோர ஆவண இலாகா சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. 2007-ஆம் ஆண்டில் காரைக்கால் கிளைக்கு அது நாற்பத்தோராவது தபால். ஆகஸ்ட் பிறந்துவிட்டிருந்தது.

"நம்மள மூடப் போறோம்னு வந்த தபாலையும் சேர்த்துத்தான் நாப்பத்தொண்ணு," என்றார் கண்காணிப்பாளர் மாணிக்கவேல். அவர் ஓய்வு பெறப் பதினான்கு மாதம் இருந்தது. அவரை எங்கும் மாற்றமாட்டார்கள். கவலைப்படவும் மாட்டார்.

கிளையில் இருந்தது மூன்றே பேர். மாணிக்கவேலுக்கும் எழுத்தர் தமிழரசிக்கும் அடுத்து உதவியாளர் செல்லம்மா. பட்டினச்சேரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, கட்டுவதற்குக் கோப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கையில் நாடாவோடு உட்கார்ந்திருப்பாள்.

தமிழரசி வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது கணவன் தியாகராசன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். கோட்டுச்சேரியில் அவனுக்குச் சைக்கிள் கடை. மகள் நந்தினி பத்தாம் வகுப்பு.

"அப்படியே மாத்திட்டாலும் என்ன, மாசம் ஒருதரம் வந்துட்டுப் போ," என்றான் அவன். "நாங்க பாத்துக்கறோம்."

ஆறுதலாகத்தான் சொன்னான். ஆனால் அந்தப் பதில் வந்த வேகம் அவளுக்குள் எங்கோ போய்த் தைத்தது. அவள் இல்லாமல் வீடு நடக்கும். அவள் இல்லாமல் கிளையும் நடக்காமலே நடக்கும். ஏனாம் அவ்வளவு தூரம் என்பதைவிட, தன்னை ஓர் இடத்திலிருந்து எடுத்தால் அங்கே பள்ளம்கூட விழாது என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது. தபால்காரர் தாண்டிப் போகிற ஓர் அலுவலகத்தில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்திருப்பவளுக்கு இந்தப் பயம் புதிதல்ல. இப்போது அதற்கு ஓர் ஊர்ப் பெயர் கிடைத்திருந்தது.

சதுரம் கண்ணில் பட்ட அன்று, பாரதியார் வீதியில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் கமாலுதீன் கணினியைத் தூசி தட்ட வந்திருந்தார். ஐம்பது வயதுக்காரர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத்தான் எதையும் பார்ப்பார். தமிழரசி இலாகாவின் இணையதளத்தில் ஆரஞ்சுச் சதுரத்தைக் காட்டினாள்.

"இது என்ன பாய்?"

"இது செய்தியோடை. நீங்க தினம் இந்தத் தளத்துக்குப் போயி, புதுசா ஏதும் போட்டிருக்காங்களான்னு பாக்குறீங்கள்ல?"

"பாக்கறதில்லை."

"சரி, பாக்கறீங்கன்னு வச்சுக்கங்க. இனிமே பாக்க வேணாம். இதைத் தட்டி ஒருதரம் சந்தா சேர்ந்துட்டா, அவங்க அங்க எழுதின உடனே இங்க தானா வந்து விழும்."

"சந்தா எவ்வளவு?"

"காசு கிடையாதும்மா."

"காசில்லாம எப்படி சந்தா?"

"அப்படித்தான். நமக்கு வேணும்னு சொன்னா போதும், வரும்."

தமிழரசி அதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். வேணும் என்று சொன்னால் போதும், வரும். அவள் வாழ்க்கையில் எதுவும் இப்படி நடந்ததில்லை.

"அப்ப இது தபாலா?" என்று கேட்டாள்.

"தபால் மாதிரி."

"மாதிரியா, தபாலா?"

கமாலுதீன் கண்ணாடியை இறக்கினார். "அங்கேர்ந்து எழுதி விடறாங்க. இங்க வந்து சேருது. நீங்களே சொல்லுங்க."

மாணிக்கவேல் விதிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். வெளியிலிருந்து அலுவலகத்துக்கு வந்து சேரும் எழுத்து வடிவிலான எதுவும் தபால். எதில் வந்து சேர வேண்டும் என்று விதியில் இல்லை.

தமிழரசி சதுரத்தைத் தட்டினாள்.

முதல் செய்தி பத்து நாள் கழித்து வந்தது. திரையின் ஓரத்தில் தடித்த எழுத்தில் 1 என்று தெரிந்தது. "பழைய படகுப் பதிவுகளைக் கரையான் அரிக்காமல் பாதுகாத்தல்." யாரோ ஒருவர் புதுச்சேரியில் இதை எழுதியிருக்கிறார். தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டுமென்றால் இன்னொரு மாநிலத்தின் வழியே மூன்றரை மணிநேரம் பஸ்ஸில் போக வேண்டும். இதுவோ சீர்காழி, சிதம்பரம், கடலூர் எதிலும் இறங்காமல், அவளைத் தேடி, அவள் மேசைக்கு வந்திருந்தது. திரையைத் தொட்டுப் பார்த்தாள். லேசாகச் சூடாக இருந்தது.

அச்செடுத்தாள். "பெறப்பட்டது" முத்திரை குத்தினாள். பதிவேட்டில் 42 என்று எழுதினாள். மாணிக்கவேல் சுருக்கொப்பமிட்டார். செல்லம்மா நாடா கட்டினாள்.

"தபால் வந்தா மூணு நாளுக்குள்ள ஒப்புகை அனுப்பணும்மா," என்றார் மாணிக்கவேல்.

செய்தியின் அடியில் கருத்து எழுத ஒரு பெட்டி இருந்தது. தமிழரசி அதில் எழுதினாள்: "பார்வையில் கண்ட தங்கள் தபால் கிடைக்கப் பெற்றது. பயனுள்ளதாக இருந்தது. தமிழரசி, காரைக்கால் கிளை."

மறுநாள் காலை இரண்டு செய்திகள் வந்திருந்தன.

அதற்கு மறுநாள் மூன்று. அந்த வாரக் கடைசியில் நாளைக்கு ஐந்து. கடல் நீர் ஏன் உப்பாக இருக்கிறது, ஆமைகள் கரையேறும் மாதங்கள், நங்கூரத்தின் பாகங்கள், அலைகளை எண்ணும் முறை. தமிழரசிக்கு மலைப்பாக இருந்தது. தன் இலாகா இவ்வளவு பெரியது என்று இத்தனை காலம் அவளுக்குத் தெரியாது. அங்கே ஒரு கூடம் முழுக்க ஆட்கள் உட்கார்ந்திருப்பதாக அவள் கற்பனை செய்துகொண்டாள். ஆமைக்கு ஒருவர். நங்கூரத்துக்கு ஒருவர். அலைகளை எண்ணுகிறவர் ஜன்னலோரம்.

ஒருமுறை ஒப்புகையின் முடிவில் துணிந்து ஒரு வரி சேர்த்தாள். "ஆற்று முகத்துவாரங்களில் மணல் மூடுவது பற்றி ஏதும் உண்டா?"

மறுநாள் மணல் பற்றி மூன்று செய்திகள் வந்தன. கடைசி ஒன்று மணல் துகளை உருப்பெருக்கியில் பார்த்தால் எப்படி இருக்கும் என்பது. அதைப் படித்துவிட்டுத் தமிழரசி எழுந்து போய், வாசலில் செருப்பில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"என்ன தமிழு, எதைத் தொலைச்ச?" என்றாள் செல்லம்மா.

"ஒண்ணுமில்லக்கா. நான் கேட்டேன், அவங்க சொல்லிட்டாங்க."

"கேட்டா சொல்ற ஆளு கவர்மெண்ட்ல இருக்காங்களா? பேரைக் கேட்டு வை. எனக்கும் ரெண்டு கேக்க வேண்டியிருக்கு."

செப்டம்பர் நடுவில் தாள் தீரும் நிலைக்கு வந்தது. புதிய தாள் கேட்டு எழுதினால் தை மாதம் வரும்.

"ரெண்டு பக்கமும் அச்செடுத்தா பாதித் தாள் போதும் சார்," என்றாள் தமிழரசி.

மாணிக்கவேல் அனுமதித்தார். நூற்றுப் பதினொன்றாம் தபால் ஒரு பக்கமும் நூற்றுப் பன்னிரண்டு மறுபக்கமும் வந்தன. பகல் வரை எல்லாம் சரியாக இருந்தது. பிறகு செல்லம்மா தாளை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஐயா, முன்பக்கம் கடல் ஓதம் பத்தி. பின்பக்கம் கொக்கு ஒத்தைக் கால்ல நிக்கறது பத்தி. நான் எந்தக் கட்டுல கட்டறது?"

மாணிக்கவேல் யோசித்தார். ஓதத்தின் கோப்பில் கட்டினால் கொக்கு காணாமல் போகும். கொக்கின் கோப்பில் கட்டினால் ஓதம் போகும். தபாலைத் தொலைப்பது தண்டனைக்குரியது.

"ஜெராக்ஸ் எடுத்து ரெண்டுலயும் வச்சிடுங்க," என்றார்.

ஜெராக்ஸிலும் இரண்டு பக்கம் இருந்தன. இப்போது இரண்டு கோப்புகளிலும் சம்பந்தமில்லாத ஒரு பக்கம் இருந்தது. சம்பந்தமில்லாத பக்கத்துக்கு ஏன் சம்பந்தமில்லை என்று குறிப்பெழுத விதி இருந்தது. குறிப்புக்கு இன்னொரு தாள். மாத முடிவில் முன்பைவிட இரண்டரை மடங்கு தாள் செலவாகியிருந்தது. தமிழரசி நந்தினியின் பழைய நோட்டுகளிலிருந்து எழுதாத பக்கங்களைக் கிழித்து வர ஆரம்பித்தாள்.

"பேசாம ரெண்டு நாளைக்கு சந்தாவை நிறுத்தி வைங்க," என்றார் கமாலுதீன். "இங்க ஒரு தட்டு தட்டினா நின்னுடும்."

"அவங்களுக்குத் தெரியுமா பாய், நாம நிறுத்தினது?"

"தெரியலாம். எத்தனை பேர் சந்தா சேர்ந்திருக்காங்கன்னு அங்க ஒரு எண்ணிக்கை ஓடும்."

தமிழரசி கையை எடுத்துவிட்டாள். தேடி வந்தவரை வாசலோடு திருப்பி அனுப்புவது போல் அது அவளுக்குப் பட்டது. அதற்குப் பதில் அன்றைய ஒப்புகையில் மரியாதையாக ஒரு வரி எழுதினாள்: "தபால்கள் அதிகம் வருவதால், முக்கியமானவற்றை மட்டும் அனுப்பினால் நலம்."

அப்போது பதிவேட்டில் இருநூற்று எண்பத்தேழு.

மறுநாள் ஒன்றும் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நான்கு நாள் திரையின் ஓரம் வெறுமையாக இருந்தது. இன்னும் பதின்மூன்று வந்தால் கிளை பிழைக்கும் என்ற கணக்கு முதல் நாளே அவள் நினைவில் வந்தது. மூன்றாம் நாள் அது மறந்துபோய், வேறு ஒரு தவிப்பு வந்தது. அங்கே யாரையோ புண்படுத்திவிட்டோமோ. அலைகளை எண்ணுகிறவர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாரோ. காய்கறி நறுக்கும்போதும், பஸ்ஸில் நிற்கும்போதும், எழுதிய வரியை மனதுக்குள் அழித்து அழித்து எழுதிப் பார்த்தாள். "நாங்க பாத்துக்கறோம்" என்று கேட்டபோது தனக்கு எப்படி இருந்ததோ, அதையே இன்னொருவருக்குச் செய்துவிட்டதாகத் தோன்றியது.

ஐந்தாம் நாள் அலுவலகம் வந்ததும் கைப்பையைக்கூட இறக்காமல் எழுதினாள்: "பிழை எம்முடையது. தங்கள் தபால்கள் அனைத்துமே முக்கியமானவை. தினமும் எதிர்பார்க்கிறோம்."

மாலைக்குள் முப்பத்தொன்று வந்தன.

அப்புறம் நிற்கவே இல்லை. அக்டோபர் மழை தொடங்க, செய்திகளும் கூடவே கொட்டின. கடல், படகு, பறவை எல்லாம் முடிந்து, இப்போது வேறு விதமாக வந்தன. "கரையில் நிற்பவருக்குக் கடல் எங்கே தொடங்குகிறது?" "படகுகளுக்கு ஏன் பெயர் வைக்கிறோம்?" ஒரு வியாழக்கிழமை "நீலம் பற்றிச் சில குறிப்புகள்" என்று வந்தது. அதில் ஆணை இல்லை, அட்டவணை இல்லை. விடியற்காலையில் கடல் எந்தெந்த நீலத்தில் இருக்கும் என்று யாரோ ஒரு பக்கம் எழுதியிருந்தார்கள். தமிழரசி அதை இரண்டு முறை படித்தாள். அரசாங்கம் நீலத்தைப் பற்றி யோசிக்கிறது என்பதே அவளுக்குப் பெரிய தைரியமாக இருந்தது.

"இதை எந்தக் கோப்புல சேர்க்கறது சார்?"

மாணிக்கவேல் தாளைத் தலைகீழாகவும் பார்த்தார். செல்லம்மா முந்திக்கொண்டாள். "படகுக்குப் பெயிண்ட் அடிக்கற கோப்புல போடு தமிழு. எல்லாம் அடிச்சாப்புறம் வர்ற கலர்தானே."

நவம்பரில் ஒரு நாள் இடி இடித்து, கணினி அணைந்தது. பதிவேடு அறுநூற்றுப் பன்னிரண்டில் இருந்தது. கமாலுதீன் வந்து மூன்று மணிநேரம் உழைத்து, எல்லாவற்றையும் புதிதாக நிறுவி, சந்தாவையும் மறுபடி சேர்த்துக் கொடுத்தார். திரையின் ஓரத்தில் எண் ஏறியது. 20. 90. 300. ஐந்நூற்று எழுபத்தொன்றில் நின்றது.

"இது பழசுதான்மா," என்றார் கமாலுதீன். "புதுசா சேர்ந்ததால, முன்ன வந்ததெல்லாம் திரும்ப வந்திருக்கு. விட்டுடுங்க."

ஆனால் மாணிக்கவேல் விடவில்லை. அவர் முகம் வெளுத்திருந்தது. முப்பத்தைந்து வருட சர்வீஸில் ஒரே தபால் இரண்டாம் முறை வந்தால் அதற்குப் பொருள் ஒன்றுதான்.

"நினைவூட்டு," என்றார்.

"என்ன சார்?"

"முதல் தபாலுக்கு நடவடிக்கை எடுக்கலைன்னு நினைவூட்டு அனுப்பியிருக்காங்க. ஐந்நூத்து எழுபத்தொண்ணு. என் சர்வீஸ்ல மொத்தமே நாலு நினைவூட்டு வாங்கியிருக்கேன்."

"ஆனா நாம என்ன நடவடிக்கை எடுக்கணும் சார்? கொக்கு ஒத்தைக் கால்ல நின்னா?"

"அது நமக்குத் தெரியாததுதான் தப்பு. ஒவ்வொண்ணுக்கும் தாமத விளக்கம் எழுதுங்க. பென்ஷன்ல கை வச்சிடுவாங்க."

ஓய்வு பெறும் வரை எதற்கும் கவலைப்படாமல் இருக்கத் திட்டமிட்டிருந்த மனிதர் அன்று சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவில்லை.

தமிழரசி ஆறு நாள் எழுதினாள். "ஓதம் குறித்த தபால் மீதான நடவடிக்கையில் ஏற்பட்ட தாமதத்துக்கு வருந்துகிறோம்." "ஆமைகள் குறித்து விரைவில் ஆவன செய்யப்படும்." "நீலம் குறித்த தங்கள் குறிப்பு கிளையின் கவனத்தில் உள்ளது." ஒன்றை எழுதி இன்னொன்றில் ஒட்ட அவளுக்கு மனம் வரவில்லை. நினைவு வைத்து எழுதியவர்களுக்கு நினைவு வைத்துத்தான் பதில் எழுத வேண்டும். ஐந்நூற்று எழுபத்தொரு விளக்கங்களும் போய்ச் சேர்ந்த அடுத்த வாரம், புதுச்சேரியிலிருந்து தொலைபேசி வந்தது. துணை இயக்குநர் அருள்மணி நேரில் ஆய்வுக்கு வருகிறார்.

"முடிஞ்சது," என்றார் மாணிக்கவேல். "நினைவூட்டுக்கு அப்புறம் ஆய்வுதான்."

அன்று மாலை தமிழரசி ஒரு பழைய பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தாள். தியாகராசன் அதைப் பார்த்தான். எடுத்து மறுபடி பரணில் ஏற்றினான்.

"ஆர்டர் வரட்டும், அப்புறம் இறக்கிக்கலாம்," என்றான். கொஞ்சம் பொறுத்து, "எனக்கு ரசம்கூட வைக்கத் தெரியாது தமிழ்," என்றான்.

டிசம்பர் இரண்டாம் வாரம் ஜீப் வந்தது. அருள்மணியோடு, தோளில் மடிக்கணினிப் பையும் தலையில் முக்காடுமாக ஒரு பெண் இறங்கினாள். இணையதளப் பிரிவைச் சேர்ந்தவள், பெயர் இஃபாத் என்று அறிமுகம் செய்தார். அந்தப் பெண் உள்ளே வந்ததிலிருந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அருள்மணி அறையின் நடுவில் நின்றார். நான்கு பீரோக்களும் நிரம்பி, கோப்புகள் சுவரோரம் இடுப்பளவுக்கு எழும்பியிருந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு சந்து. சந்தின் முடிவில் செல்லம்மா நாடாவோடு உட்கார்ந்திருந்தாள்.

"எத்தனை தபால்?"

"ஆயிரத்து அறுநூத்து நாலுங்க சார்," என்றாள் தமிழரசி.

"எல்லாம் எங்கேர்ந்து வந்தது?"

"உங்ககிட்டேர்ந்துதாங்க சார். தலைமை அலுவலகத்திலேர்ந்து."

அருள்மணி ஒரு கட்டை எடுத்துப் பிரித்தார். ஓதம். ஆமை. மணல். ஒவ்வொன்றிலும் முத்திரை, எண், சுருக்கொப்பம், ஒப்புகை, விளக்கம். அரைமணிநேரம் நின்றபடியே படித்தார். மாணிக்கவேல் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நம்ம இலாகா இவ்வளவு வேலை செய்யுதா?" என்றார் கடைசியில் அருள்மணி. குரல் தாழ்ந்திருந்தது. "இருபத்தெட்டு வருஷமா இருக்கேன். எனக்கே தெரியலையே."

அவர் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில், நின்றபடியே எழுதினார்: கிளை தொடர்கிறது, ஊழியர் மாற்றம் இல்லை, கூடுதலாக இரண்டு பீரோக்கள் வழங்கலாம். அதன் கீழ் இன்னொரு வரி: இத்தகைய கடிதத் தொடர்புள்ள இணையதளப் பிரிவும் தொடரலாம்.

"வந்தது வந்தோம், திருநள்ளாறு போய் சனி பகவானைப் பாத்துட்டுப் போயிடலாம்," என்று சொல்லிக்கொண்டே ஜீப்புக்குப் போனார். மாணிக்கவேல் வழி காட்டப் பின்னாலேயே போனார்.

தமிழரசி நாற்காலியில் உட்கார்ந்தாள். நந்தினி. ரசம். பரணில் பெட்டி. எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கப் போகின்றன. நிமிர்ந்தபோது இஃபாத் போகாமல் நின்றிருந்தாள். பிரித்த கட்டின் மேல் "நீலம் பற்றிச் சில குறிப்புகள்" இருந்தது. அதன் மூலையில் குத்தியிருந்த முத்திரையை அவள் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள வந்து உக்காரும்மா," என்றாள் தமிழரசி. "அங்க உள்ள எல்லாருக்கும் நான் சொன்னதாச் சொல்லு. அலை எண்ணறவங்க, ஆமை பாக்கறவங்க, இந்த நீலம் எழுதினவங்க, எல்லாருக்கும். நேர்ல பாக்கணும்னு ரொம்ப ஆசை. உங்க பிரிவுல மொத்தம் எத்தனை பேர் இருப்பாங்க, ஐம்பது பேர் இருக்குமா?"

இஃபாத் வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"நான் ஒருத்திதாங்க்கா, சந்தாதாரர் ஒண்ணுன்னு காட்டுச்சு, அந்த ஒருத்தரும் விட்டுட்டா பிரிவை மூடி என்னை மாஹேக்கு மாத்திடுவாங்கன்னுதான் நாளெல்லாம் உக்காந்து எழுதிக்கிட்டே இருந்தேன்."